பைமூ + பாண்டாபவர்: கரண்ட் நெட்வொர்க் பிளான் பண்ண இந்த ஜோடி எவ்ளோ தூரம் கை குடுக்கும்?

ஃபீடர் (சப்ஸ்டேஷன்ல இருந்து கிளம்புற லைன்) எந்த ரூட்ல போகணும், எந்த கண்டக்டர் (கம்பி) போடணும், எந்த சுவிட்ச் திறந்தே இருக்கணும், இதையெல்லாம் ஜெனிடிக் அல்காரிதம் (சுருக்கமா ஜிஏ, பல விடைகளைக் கலந்து, மாத்தி, நல்லதை வச்சுக்கிட்டே தேடுற முறை) வச்சு கண்டுபிடிக்கலாம்னு ஆசைப்பட்டு இறங்குறவங்களுக்கு பைசா செலவில்லாம கிடைக்கிற நல்ல ஜோடின்னா என்னைப் பொறுத்தவரை பைமூவும் பாண்டாபவரும் தான். பைமூ நல்ல விடையைத் தேடும், பாண்டாபவர் ஒவ்வொரு விடைக்கும் நெட்வொர்க்ல கரண்ட் எப்படி ஓடுதுன்னு கணக்கு போடும். ரெண்டும் பைத்தான், ரெண்டும் ஓப்பன் சோர்ஸ். நான் ரெண்டையும் சேத்து கட்டி நல்லா ஓட்டிப் பாத்தாச்சு, 5க்கு 4 மார்க் தாராளமா குடுப்பேன். ஆனா ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், இங்க ரிசல்ட் நல்லா வர்றதும் வராததும் நீங்க எந்த அல்காரிதம் எடுக்குறீங்கங்கிறதுல பெருசா இல்ல, உங்க நெட்வொர்க்கை எப்படி ஒரு எண் வரிசையா எழுதுறீங்கங்கிறதுல தான் இருக்கு, அந்த வேலையை ரெண்டு பேக்கேஜும் உங்களுக்காக பண்ணித் தராது.

பைமூ யாரோடதுன்னா ஜூலியன் பிளாங்க், கல்யாண்மய் தேப் ரெண்டு பேரும் 2020ல பேப்பரா போட்டது. தேப் பேரு இந்த ஃபீல்டுல எல்லாருக்கும் தெரியும், 2002ல வந்த என்எஸ்ஜிஏ-2 அவர் டீமோடது, இன்னிக்கும் ரெண்டு மூணு குறிக்கோளை ஒரே நேரத்துல பாக்கணும்னா எல்லாரும் முதல்ல எடுக்குறது அதைத்தான். பாண்டாபவர் ஜெர்மனியோட காசல் பல்கலைக்கழகமும் ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனமும் சேந்து பண்ணது, நெட்வொர்க்கை பாண்டாஸ் (பைத்தானோட டேபிள் பேக்கேஜ்) டேபிளா வச்சுக்கும், பஸ் (லைன்கள் சேருற புள்ளி) ஒரு டேபிள், லைன் ஒரு டேபிள், லோடு ஒரு டேபிள், பவர் ஃப்ளோ (ஒவ்வொரு பஸ்லயும் வோல்டேஜ், ஒவ்வொரு லைன்லயும் கரண்ட் எவ்ளோங்கிற கணக்கு) ஓட்டுனா ரிசல்ட்டும் டேபிளா வரும். எக்செல் பழகுன எந்த இஞ்சினியரும் சீக்கிரம் கைக்குள்ள கொண்டு வந்துடலாம், இது சாதாரண விஷயம் இல்ல, ஏன்னா பிளானிங் செக்ஷன்ல இருக்குறவங்க எல்லாரும் புரோகிராமர் கிடையாது.

இப்போ அசல் மேட்டர். விநியோக நெட்வொர்க்கை கட்டும்போது லூப் வர்ற மாதிரி லைன் இழுத்து வச்சிருப்பாங்க, ஆனா ஓட்டும்போது ரேடியலா தான் ஓட்டுவாங்க, அதாவது ஒவ்வொரு கன்ஸ்யூமருக்கும் சப்ஸ்டேஷன்ல இருந்து ஒரே ஒரு பாதை. ஏன்னா ஃபால்ட் வந்தா கரண்ட் ஒரே திசையில இருந்து தான் வரும், ரிலே, ஃப்யூஸ் செட்டிங் எல்லாம் சுலபமா ஒத்துப்போகும். அதனால மிச்ச லைன்ல இருக்குற டை சுவிட்ச்சை திறந்து வச்சுப்பாங்க, எதைத் திறக்குறோம்ங்கிறதை மாத்துனா லாஸும் (கம்பியில வீணாகுற மின்சாரம்) வோல்டேஜும் மாறும். இதுக்கு எல்லாரும் டெஸ்ட் பண்ற நெட்வொர்க் 1989ல பாரன், வூ ரெண்டு பேரும் குடுத்த 33 பஸ் சிஸ்டம், 12.66 கேவி, மொத்த லோடு 3715 கிலோவாட், 37 லைன், அதுல 5 டை லைன். பாண்டாபவர்ல இது ரெடிமேடாவே இருக்கு, ஒரே வரியில கூப்பிடலாம். ஆரம்பத்துல லாஸ் சுமார் 202.7 கிலோவாட், 7, 9, 14, 32, 37ஆம் லைன்களைத் திறந்து வச்சா 139.6க்கு இறங்கும், குறைஞ்ச வோல்டேஜ் 0.913ல இருந்து 0.938 பெர் யூனிட்டுக்கு (1ன்னா முழு வோல்டேஜ்) ஏறும். ஒரு புது கம்பி கூட இழுக்காம, எந்த சுவிட்ச் திறந்திருக்குன்னு மாத்துனதுல மட்டும் 31 சதவீத லாஸ் போயிடுது. முதல் தடவை இந்த நம்பரைப் பாக்குற யாருக்கும் இந்த சப்ஜெக்ட் மேல ஒரு பிடிப்பு வந்துடும். (ஒரு குறிப்பு, பாண்டாபவர் 0ல இருந்து எண்ணும், அதனால உங்க ஸ்க்ரீன்ல இந்த விடை 6, 8, 13, 31, 36னு தான் வரும், தப்பா வந்துடுச்சோன்னு பதற வேண்டாம்.)

சரி, இந்த 33 பஸ்ஸுக்கு ஜிஏ தேவையா? நேர்மையா சொல்லணும்னா தேவையே இல்ல. 37 சுவிட்ச், ஒவ்வொண்ணும் திறந்து இல்ல மூடின்னு கணக்குப் போட்டா 13,743 கோடி சேர்க்கை வருது, பேப்பர்ல எல்லாம் இந்த நம்பரைக் காட்டித் தான் பயமுறுத்துவாங்க. ஆனா சரியா 5 லைன் மட்டும் திறந்திருக்கணும்னு வச்சாலே 4,35,897க்கு வந்துடும், அதுலயும் எல்லா பஸ்ஸுக்கும் சப்ளை இருக்குற உண்மையான ரேடியல் அமைப்பு 50,751 தான். ஒரு பவர் ஃப்ளோவுக்கு 10 மில்லிசெகண்ட்னு வச்சுக்கிட்டா மொத்தத்தையும் ஒண்ணு விடாம பாக்க ஒன்பது நிமிஷம் கூட ஆகாது. 100 பாப்புலேஷன் (ஒரு சுத்துல இருக்குற விடைகள்), 200 ஜெனரேஷன் (அந்த மாதிரி சுத்து)னு வழக்கமான செட்டிங்ல ஜிஏ ஓட்டுனா அதுவே 20,000 பவர் ஃப்ளோ, அதாவது மொத்த விடைகள்ல அஞ்சுல ரெண்டு பங்கு அளவுக்கு ஓட்டிட்டு, இது தான் பெஸ்ட்னு உத்தரவாதமும் இல்லாம வந்து நிக்கும். அதனால யாராவது 33 பஸ்ல மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு எங்க புது அல்காரிதம் பிரமாதம்னு சொன்னா அதை வச்சு எந்த முடிவுக்கும் போகாதீங்க. 33 பஸ்ஸோட உண்மையான பயன் உங்க கோடு சரியா எழுதியிருக்கான்னு செக் பண்றது, விடை ஏற்கனவே தெரியும்ங்கிறதால அதுக்கு இதை விட நல்ல இடம் இல்ல.

நிஜமான பிளானிங்னு வந்தா கதை வேற. 60 இடத்துல லைன் போட வாய்ப்பு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் போடாம விடலாம் இல்ல மூணு சைஸ் கண்டக்டர்ல ஒண்ணு போடலாம்னா, சேர்க்கை எண்ணிக்கை 1க்குப் பின்னாடி 36 பூஜ்யம் போட்ட அளவுக்குப் போயிடும். அதோட எந்த வருஷம் எந்த லைன்னு கட்டம் கட்டமா பிரிச்சா இன்னும் பெருகும். 1994லயே மிராண்டாவும் அவர் கூட இருந்தவங்களும் இந்த மாதிரி பல கட்ட விநியோக பிளானிங்கை ஜிஏ வச்சு பண்ணிக் காட்டியிருக்காங்க, ஐடியா பழசு தான், இப்போ நம்ம லேப்டாப்லயே ஓடுதுங்கிறது தான் புதுசு.

இனிமே தான் அந்த எண் வரிசை விஷயம், இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன். புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றது ஒவ்வொரு லைனுக்கும் ஒரு 0 இல்ல 1 குடுக்குறது. பாக்க நேரா இருக்கும், ஆனா ரெண்டு நல்ல நெட்வொர்க்கை எடுத்து கிராஸ்ஓவர் பண்ணா (ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்தா) பிறக்குற குழந்தை அனேகமா லூப்போட பிறக்கும் இல்ல பாதி பஸ் துண்டிச்சுப் பிறக்கும். சரியா 5 லைனை கண்ணை மூடிட்டு எடுத்து திறந்தாக்கூட 33 பஸ்ல எட்டு, ஒன்பதுல ஒண்ணு தான் ரேடியலா அமையும், நெட்வொர்க் பெருசாக ஆக இது இன்னும் மோசமாகும், அல்காரிதம் தன்னோட நேரத்துல முக்கால்வாசியை குப்பையை எண்ணுறதுலயே செலவு பண்ணும். எனக்குப் பிடிச்ச வழி, ஒவ்வொரு லைனுக்கும் 0 முதல் 1 வரைக்கும் ஒரு தசம எண் குடுத்துடுறது, அதை அந்த லைனோட எடையா நினைச்சுக்கிட்டு நெட்வொர்க்எக்ஸ்ங்கிற பைத்தான் பேக்கேஜ்ல மினிமம் ஸ்பானிங் ட்ரீ (எல்லா பஸ்ஸையும் லூப் இல்லாம, மொத்த எடை குறைவா இணைக்கிற அமைப்பு) எடுக்குறது. எந்த எண்ணைப் போட்டாலும் வர்றது ட்ரீ தான், அதனால வர்ற எல்லாமே ரேடியல், யாரும் இருட்டுல நிக்க மாட்டாங்க, பைமூவோட சாதாரண கிராஸ்ஓவர், மியூட்டேஷனையே (எண்ணை லேசா மாத்திப் பாக்குறது) மாத்தாம யூஸ் பண்ணலாம். கண்டக்டர் சைஸையும் அதே வரிசையில பின்னாடி சேத்து, அந்தப் பகுதியை மட்டும் ரவுண்ட் பண்ற ஒரு சின்ன ரிப்பேரை (விடையை கணக்குக்கு முன்னாடி சரி பண்ற கோடு) எழுதிப் போட்டுக்கிட்டா போதும். இதுல ஒரே ஒரு பிரச்னை, வேற வேற எண் வரிசை ஒரே ட்ரீயைக் குடுக்கும், பைமூ எண்களைப் பாத்து தான் டூப்ளிகேட்டைத் தூக்கும், அதனால பாப்புலேஷன் முழுக்க ஒரே நெட்வொர்க் வேற வேற வேஷத்துல உக்காந்திருக்கும், நமக்கு அது தெரியாது. டூப்ளிகேட்டை எப்படி ஒப்பிடணும்னு நாமளே ஒரு கிளாஸ் எழுதிக் குடுக்க பைமூ இடம் தருது, திறந்திருக்கிற லைன் பட்டியலையும் கண்டக்டர் சைஸையும் ஒப்பிடுற மாதிரி எழுதிடுங்க. நாலு வரி தான், ஆனா அந்த நாலு வரிக்கு அப்புறம் ரிசல்ட்ல வர்ற வித்தியாசம் என்எஸ்ஜிஏ-2வை விட்டுட்டு வேற அல்காரிதம் மாத்துறதுல வர்றதை விட அதிகமா இருக்கும்.

0, 1 முறையிலயே போறவங்களுக்கு பாண்டாபவர் பக்கம் ஒரு பெரிய குழி இருக்கு, இதை யாராவது முன்னாடியே சொல்லியாகணும். சப்ளை இல்லாம துண்டிச்சுப் போன பஸ்ஸை பாண்டாபவர் எரர்னு சொல்லாது, அதை சர்வீஸ்ல இல்லன்னு எடுத்துக்கிட்டு மிச்ச நெட்வொர்க்குக்கு ஒழுங்கா பவர் ஃப்ளோ ஓட்டிடும். துண்டிச்ச பஸ்ஸோட வோல்டேஜ் இடத்துல காலி மதிப்பு வரும். நீங்க ஏதாவது பஸ் 0.95க்கு கீழ இருக்கான்னு கேட்டா, காலி மதிப்பு எதை விடவும் சின்னது இல்லன்னு பைத்தான் பதில் சொல்லும், சோதனை பாஸ். குறைஞ்ச வோல்டேஜ் எவ்ளோன்னு கேட்டாலும் பாண்டாஸ் காலியைத் தாண்டிட்டுப் போயிடும். லோடு துண்டிச்சுப் போனதால கரண்டும் குறையும், லாஸும் குறையும். ஆக பாதி ஊரை இருட்டாக்குற அமைப்பு தான் குறைஞ்ச லாஸ், நல்ல வோல்டேஜ்னு முதலிடத்துல வந்து நிக்கும், ஜிஏ அந்தப் பக்கம் ரொம்ப சீக்கிரமே ஓடிடும், ஏன்னா அதுக்கு நீங்க எழுதிக் குடுத்த கணக்கு மட்டும் தான் தெரியும். எதிர் திசையிலயும் இதே தான், ரேடியல் கண்டிஷனை எழுத மறந்தா எல்லா சுவிட்ச்சையும் மூடிட்டு லூப்பா ஓட்டுறது தான் லாஸ் கம்மின்னு சரியாவே சொல்லும். அதனால பவர் ஃப்ளோவுக்கு முன்னாடியே பாண்டாபவரோட டோப்பாலஜி (எது எதோட இணைஞ்சிருக்குங்கிறதைப் பாக்குற) பகுதியில சப்ளை இல்லாத பஸ் எதெல்லாம்னு கேளுங்க, மூடியிருக்குற லைன் எண்ணிக்கை பஸ் எண்ணிக்கையை விட சரியா ஒண்ணு கம்மியா இருக்கான்னும் பாருங்க. ரெண்டும் சரின்னா மட்டும் பவர் ஃப்ளோ, இதுல நேரமும் மிச்சம்.

கண்டிஷன்களை பைமூ கையாளுற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பழைய வழியில மீறலுக்கு ஒரு பெனால்டி போட்டு, அந்தப் பெனால்டி 1000மா 10,000மான்னு மாத்தி மாத்திப் பாத்தே ஓய்ஞ்சு போவோம். இங்க குறிக்கோள் தனி, கண்டிஷன் தனி. விதி மீறாதது மீறுனதை எப்பவும் ஜெயிக்கும், ரெண்டுமே மீறுனா கம்மியா மீறுனது ஜெயிக்கும், அவ்ளோ தான். ஆனா மீறல்களை எல்லாம் கூட்டித் தான் பாக்கும், அதனால வோல்டேஜ் மீறல் 0.02ன்னும் லைன் லோடிங் மீறல் 30ன்னும் அப்படியே குடுத்தா வோல்டேஜ் பேச்சே எடுபடாது. ரெண்டையும் ஒரே அளவுக்கு வர்ற மாதிரி வகுத்துக் குடுக்கணும்.

லாஸோட விலையைக் கணக்குப் பண்றதுலயும் கவனம் வேணும், இது பேக்கேஜ் தப்பு இல்ல, நம்ம பக்கம். உச்ச நேர லாஸை 8760 மணி நேரத்தால பெருக்கி வருஷ லாஸ்னு போடுறவங்க நிறைய பேர். லாஸ் கரண்டோட வர்க்கத்துல போகுது, லோடு பாதியானா லாஸ் கால்வாசி. லோடு ஃபேக்டர் (சராசரி லோடு உச்ச லோடுல எவ்ளோ பங்கு) 0.5ன்னா, வழக்கமா யூஸ் பண்ற ஃபார்முலால (லோடு ஃபேக்டரை 0.3ஆலயும், அதோட வர்க்கத்தை 0.7ஆலயும் பெருக்கிக் கூட்டுறது) லாஸ் ஃபேக்டர், அதாவது சராசரி லாஸ் உச்ச லாஸ்ல எவ்ளோ பங்குங்கிறது, 0.325 தான் வரும், அதாவது 8760ஆல பெருக்குனவர் லாஸை மூணு மடங்கு ஊதிக் காட்டிட்டாரு, ஜிஏவும் அதை நம்பி எல்லா இடத்துலயும் தடியான கண்டக்டரைப் போட்டு வச்சிடும். இன்னொண்ணு, மேல ஒல்லி கண்டக்டர், அதுல இருந்து கீழ போற இடத்துல தடி கண்டக்டர்னு ஒரு பிளான் வந்தா ஃபீல்டு ஆளுங்க திருப்பி அனுப்பிடுவாங்க. சப்ஸ்டேஷன்ல இருந்து போகப் போக சைஸ் ஏறக்கூடாதுங்கிற விதியை ரிப்பேர்லயே எழுதிடுறது நல்லது.

இதையெல்லாம் ஒழுங்கா பண்ணிட்டீங்கன்னா கிடைக்கிறது உண்மையிலேயே மதிப்பான பொருள். ஒரே ஒரு விடை வராது, செலவு ஒரு பக்கம், லாஸ் ஒரு பக்கம், கரண்ட் கட் ஆகுற நேரம் இன்னொரு பக்கம்னு வச்சு, ஒண்ணை விட்டுக் குடுக்காம இன்னொண்ணை மேம்படுத்த முடியாத பிளான்களோட பட்டியல் வரும், அதைத்தான் பெரேட்டோ ஃப்ரண்ட்னு சொல்றது. அதை படமா போட்டா ஒரு இடத்துல வளைவு தெரியும், அது வரைக்கும் கொஞ்சம் செலவு கூட்டுனா லாஸ் மளமளன்னு குறையும், அதுக்கு அப்புறம் எவ்ளோ கொட்டுனாலும் அசையாது. பணம் ஒதுக்குற இடத்துல உக்காந்து பேசும்போது இந்த ஒரு படம் போதும், பேச்சு எங்க பிளான் தான் சரிங்கிறதுல இருந்து இந்த அளவு செலவுக்கு இந்த அளவு பலன்ங்கிறதுக்கு மாறிடும். இப்போ இருக்குற நெட்வொர்க்கையும், அனுபவசாலி இஞ்சினியர் கையால போட்ட பிளானையும் முதல் பாப்புலேஷன்லயே சேத்துவிட பைமூல வழி இருக்கு, கண்டிப்பா பண்ணுங்க, அல்காரிதம் அதை விட நல்லதைத் தேடி ஆரம்பிக்கும், பிளான் போட்டவருக்கும் தன் வேலையை ஒதுக்கிட்டாங்கங்கிற வருத்தம் இருக்காது.

வேகம் தான் நான் மார்க் குறைச்ச இடம். பாண்டாபவர் ஒவ்வொரு தடவையும் டேபிளை எல்லாம் உள்ளுக்குள்ள மேட்ரிக்ஸா மாத்திட்டு அப்புறம் தான் கணக்கு போடும், சின்ன நெட்வொர்க்ல கணக்கை விட இந்த மாத்துற வேலைக்கே அதிக நேரம் போகும். ஒரு தடவை ரெண்டு தடவை ஓட்டுறவங்களுக்கு இது தெரியாது, ஜிஏக்கு இது பெரிய சுமை. ஒரு பிளானை ஒரே ஒரு உச்ச நேரத்துக்குப் பாக்காம, நாலு வகை நாளுக்கு 24 மணி நேரமும் பாக்கணும்னா 96 பவர் ஃப்ளோ, 20,000 பிளானுக்கு 19.2 லட்சம், 10 மில்லிசெகண்ட்னாலும் அஞ்சே கால் மணி நேரத்துக்கு மேல. நம்பா (பைத்தான் கோடை வேகமாக்குற பேக்கேஜ்) கண்டிப்பா போட்டுக்கோங்க, பைமூல பேரலலா ஓட்டுற வசதி இருக்கு, அதையும் யூஸ் பண்ணுங்க, ஒரு தடவை பாத்த பிளானோட ரிசல்ட்டை சேத்து வச்சு மறுபடி கேக்கும்போது அதையே குடுங்க. சீட் நம்பரை (தற்செயல் எண்களைத் தொடங்கி வைக்கிற எண்) மாத்தி பல தடவை ஓட்டிப் பாக்குறதும் விடக்கூடாது, ஒவ்வொரு சீட்டுக்கும் வேற வேற பிளான் வந்தா தேடல் இன்னும் முடியலன்னு அர்த்தம். கடைசியில கிடைச்ச பிளான்ல ஒவ்வொரு டை லைனா மூடி, அந்த லூப்ல பக்கத்து லைனைத் திறந்து பாத்து லாஸ் குறையுதான்னு ஒரு சுத்து ஓட்டிடுங்க, ஜிஏ விட்டு வச்ச சில்லறை அதுல கிடைச்சுடும்.

சுவிட்ச்சை மட்டும் மாத்தி லாஸ் குறைக்கணும்னா கணித வழியில போறது தான் மேல்னு நினைக்கிறேன். 2012க்கு அப்புறம் கூம்பு வடிவ தளர்வு போட்டு (கஷ்டமான சமன்பாட்டை சுலபமா தீர்க்கக்கூடிய வடிவத்துக்கு தளர்த்தி) மிக்ஸ்டு இன்டிஜர் கணக்கா (சில எண்கள் முழு எண்ணாத் தான் இருக்கணும்ங்கிற கணக்கு) மாத்துற முறை நல்லா வளர்ந்திருக்கு, சால்வரே விடையும் குடுத்து, இதை விட நல்லது இருந்தா இவ்ளோ சதவீதத்துக்குள்ள தான் இருக்கும்னு சான்றும் குடுக்கும், அந்தச் சான்றை எந்த ஜிஏவும் தராது. ஆனா நம்பகத்தன்மைக் கணக்கு, படிப்படியா மாறுற டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற படி), ஏதோ ஒரு பழைய விதின்னு சமன்பாடா எழுத முடியாத விஷயங்கள் உள்ள வந்தா ஜிஏ தான் வளைஞ்சு குடுக்கும், எதை வேணா ஒரு ஃபங்ஷனா எழுதிக் குடுத்தா போதும்.

பைமூ மாதிரியே ஜிஏ எழுத உதவுற இன்னொரு பைத்தான் பேக்கேஜ் டீப் (DEAP) பத்தியும் கேப்பீங்க. கனடாவோட லவால் பல்கலைக்கழகத்துல உருவானது, எல்லாத்தையும் நாமளே கோர்த்துக் கட்டணும்னா அது நல்லா இருக்கும், பல குறிக்கோள், கண்டிஷன்னு வந்தா பைமூல வேலை கம்மி.

லோ டென்ஷன் (வீடுகளுக்குப் போற குறைஞ்ச வோல்டேஜ் லைன்) பக்கம் பிளான் பண்றவங்க மட்டும் பாண்டாபவர் இடத்துல ஓப்பன்டிஎஸ்எஸ்ங்கிற பவர் ஃப்ளோ சாஃப்ட்வேர் வச்சுக்கிறதை யோசிங்க. அங்க ஒரு ஃபேஸ் கனெக்ஷன் நிறைய, கூரை சோலாரும் ஏதோ ஒரு ஃபேஸ்ல தான் உக்காந்திருக்கும், மூணு ஃபேஸும் சமம்னு நினைச்சு கணக்கு போட்டா எந்த ஃபேஸ்ல வோல்டேஜ் எகிறுதுங்கிறதே தெரியாமப் போயிடும். பாண்டாபவர்லயும் மூணு ஃபேஸுக்கு தனி பவர் ஃப்ளோ இருக்கு, ஆனா அமெரிக்காவோட எப்ரி (மின்சார ஆராய்ச்சி நிறுவனம்) 2008ல ஓப்பன் சோர்ஸா விட்ட ஓப்பன்டிஎஸ்எஸ் ஆரம்பத்துல இருந்தே சமமில்லாத நெட்வொர்க்குக்காகவே எழுதுனது, வருஷம் முழுக்க மணிக்கணக்குல ஓட்டுறதும் அதுக்கு இயல்பா வரும். பைத்தான்ல இருந்து கூப்பிட பாலம் மாதிரி பேக்கேஜ் இருக்கு, பைமூ பக்கம் நீங்க எழுதுன ட்ரீ, ரிப்பேர், டூப்ளிகேட் கோடு எதையும் தொட வேண்டாம், பவர் ஃப்ளோ கூப்பிடுற அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் மாத்துனா போதும்.